சிதறிய புதைபடிவங்களிலிருந்து ஒரு காடு

கேள்வி: இலை ஓரிடத்திலும் அடிமரம் வேறிடத்திலும் மகரந்தம் இன்னோரிடத்திலுமாகக் கிடைக்கும்போது, அவை ஒரே மரத்தினுடையவை என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? அவற்றைக் கொண்டு முழுக் காட்டையும் வரைவது எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

மறுமொழி 1: உறுப்புகள் ஒட்டியபடியே கிடைக்கும் வரை ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இடுவதே வழக்கம். ஆர்க்கியோப்டெரிஸ் என்ற இலைகளும் கல்லிக்ஸைலான் என்ற மரக்கட்டையும் இருவேறு தாவரங்களாகவே கருதப்பட்டு வந்தன. இரண்டும் இணைந்திருந்த புதைபடிவத்தை 1960இல் தொல்தாவரவியலாளர் சார்லஸ் பெக் விவரித்த பிறகே, பெரணியை ஒத்த இலையும் ஊசியிலை மரங்களை ஒத்த கட்டையும் கொண்டு, விதையின்றி ஸ்போர்கள் எனும் நுண்ணிய இனப்பெருக்கத் துகள்களால் பெருகிய ஒரே மரம் அது என்பது தெளிவாயிற்று.

மறுமொழி 2: மரங்கள் எவ்வளவு நெருக்கமாக நின்றன என்பதை அறிய, வேரூன்றிய இடத்திலேயே புதைந்த அடிக்கட்டைகளே தலைசிறந்த சான்று. நியூயார்க் மாநிலத்தின் கில்போவாவில் அவை 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்தும், அம்மரங்களின் உச்சி எப்படியிருந்தது என்பது 2007இல்தான் வெளியாயிற்று. மகரந்தத்தை மட்டும் கொண்டு மரங்களின் எண்ணிக்கையை ஊகிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு; காற்றை நம்பிய மரங்கள் அதை ஏராளமாக உதிர்ப்பதால், பூச்சிகளை நம்பியவை கணக்கில் குறைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்: அக்காலத் தட்பவெப்பத்தை எப்படி அறிகிறார்கள்?

மறுமொழி 1: இலை விளிம்பைப் பாருங்கள். பற்களற்ற விளிம்புடைய இனங்களின் விகிதம் வெப்பமான பகுதிகளில் கூடும். ஆனால் இம்முறை பூக்கும் மரங்களுக்கே பொருந்துவதால், பூக்கும் தாவரங்கள் தோன்றும் முன்பே வளர்ந்த கில்போவா காட்டுக்கு உதவாது.