இரவுக் கூத்து, கையில் கேமரா: அகலத் திறப்பதா, வேகம் கூட்டுவதா?

செய்யாற்றங்கரை:
அடுத்த வாரம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கூத்து. என்னிடம் கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் இருக்கின்றன (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்). ஜனம் நெருக்கி உட்கார்ந்திருக்கும், டிரைபாட் விரிக்க இடமில்லை. ஃபிளாஷ் அடித்து ஆட்டக்காரர்களைத் தொந்தரவு செய்யவும் மனமில்லை. போன கூத்தில் பார்த்தபோது எஃப்/1.8, ஷட்டர் 1/50 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800 என்று வந்தது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

ஐம்பது மி.மீ.:
தாராளமாக. எஃப்/1.8 லென்ஸ் வாங்குவதே இந்த மாதிரி இரவுக்குத்தான். ஐஎஸ்ஓவை ஏற்றினால் அரிதாரத்தின் நிறம் செத்துவிடும். சிவப்பு முகத்தில் வைத்த வெள்ளைப் புள்ளிகள் நாய்ஸோடு (படத்தில் விழும் மணல் மாதிரிப் பொரிகளோடு) கலந்துபோகும். பின்னால் தொங்கும் பேனரும் டியூப் லைட்டும் மங்கிவிடுவது கூடுதல் லாபம்.

முகவீணை:
ஒத்துக்கொள்ள முடியவில்லை. கிராப் சென்சாரில் 50 மி.மீ. என்பது முழு ஃபிரேமில் 75 மாதிரி. அந்த எண்ணை ஒட்டி, நம் கை நடுக்கத்துக்கே 1/80 வேண்டும். துரியோதனன் வேஷக்காரர் சுழன்று ஆடும் வேகம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அப்புறம் ஃபோக்கஸ் ஆழம். இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் தெளிவாக விழுவது அரைச் சாண்தான், சுமார் 11 செ.மீ. கண்ணில் ஃபோக்கஸ் வைத்தால் புஜகீர்த்தி (தோள் அணி) மங்கும். அவர் ஓரடி முன்னே வந்தால் முகமே போச்சு. எஃப்/2.8, 1/100 வையுங்கள். அதே வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 4000 ஆகும், ஆகட்டும். நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன கண்ணை எந்த மென்பொருளும் திருத்தாது.

ஐம்பது மி.மீ.:
பழைய கேமராவில் 4000 போட்டு, நிழலைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள், தெரியும். கூத்தில் எல்லா நேரமும் சுழற்சி இல்லையே. விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, ஆட்டக்காரர் அநேகமாக நின்றுதான் பாடுவார். அங்கே 1/60-இல் தொடர்ச்சியாக நாலைந்து அழுத்தினால் ஒன்று கூர்மையாக விழும்.

முகவீணை:
விருத்தத்துக்குச் சரி. ஆனால் ராஜாவும் கட்டியங்காரனும் (கூத்தின் கோமாளி) பேசிக்கொள்ளும் இடம்? ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. எஃப்/1.8-இல் இரண்டு முகமும் ஒருசேரக் கிடைக்காது. கட்டியங்காரன் கண்ணைச் சிமிட்டுவதும் ராஜா முறைப்பதும் ஒரே படத்தில் வேண்டும். அதுதானே கூத்து!

இருட்டுப் பழகியவன்:
நீங்கள் இருவரும் ஆட்டத்தை உறைய வைக்கத்தான் பார்க்கிறீர்கள். கிட் லென்ஸை 18-இல் வைத்து, எஃப்/3.5, 1/15 போடுங்கள். ஐஎஸ்ஓ 1000 போதும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் கை நடுக்கத்தை அது பார்த்துக்கொள்ளும். பின்னால் ஆர்மோனியக்காரர் அசையாமல் தெளிவாக இருப்பார், முன்னால் பாவாடை வட்டமாக விரிந்து கலையும். ஆட்டத்தின் வேகம் இதில்தான் தெரிகிறது.

முகவீணை:
நல்ல படம்தான், ஆனால் ராத்திரி முழுக்க அதையே எடுக்க முடியாது. மூக்கும் கண்ணும் தெரியாத படத்தைக் கூத்துக்காரரிடம் காட்டினால் அவர் தன்னை எங்கே தேடுவார்?

இன்னொன்று, 1/100 என்று நான் சும்மா சொல்லவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி போகஸ் லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/250, 1/500 என்று போனால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். சைலண்ட் ஷட்டரில் இன்னும் மோசம். 1/100 ஒரு முழுத் துடிப்பு, 1/50 இரண்டு. அவற்றில் பட்டை அநேகமாக வராது. கூத்து தொடங்கும் முன் 1/500-இல் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், விளக்கின் குணம் தெரிந்துவிடும்.

ஐம்பது மி.மீ.:
பட்டை விஷயம் உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். செய்யாற்றங்கரை, ஒரு கேள்வி. அந்த 1/50, 800 என்பது கேமராவின் ஒளி மீட்டர் காட்டியதா, முகத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ததா? பின்னணி முழுக்கக் கருப்பாக இருந்தால் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கிரீடத்துக் கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போகும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாலே முகம் சரியாக இருக்கும். அப்படியானால் முகவீணை சொல்லும் 4000 உங்களுக்குத் தேவையே இல்லை.

செய்யாற்றங்கரை:
மீட்டர் காட்டியதுதான். சரி, எஃப்/2.8, 1/100, ஐஎஸ்ஓ 2000-இல் தொடங்குகிறேன், ரா ஃபைலாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). விருத்தம் வந்தால் எஃப்/1.8-க்குத் திறந்து ஐஎஸ்ஓவை 800-க்கு இறக்கிவிடலாம். 1/15 விடியற்காலையில், முகங்கள் கிடைத்த பிறகு.