கல்லூரி கபடி ஃபைனல்: அந்த போனஸ் புள்ளியைக் கொடுத்திருக்கணுமா?

கோட்டோரம்: களத்துல எதிரணி ஆறு பேர். நம்ம ரெய்டர் (பாடிப் போனவர்) போனஸ் கோட்டைத் தாண்டி வலது காலை வெச்சார். அப்புறம்தான் பிடிச்சாங்க. அம்பயர் எதிரணிக்கு மட்டும் ஒரு புள்ளி கொடுத்தார். ஒரே புள்ளியில தோத்தோம். இது அநியாயம் இல்லையா?

இடதுமூலை: முன்னங்கால் கோட்டைத் தாண்டினா மட்டும் போதாது தம்பி. அந்த நேரம் பின்னங்கால் தரையை விட்டு எழும்பியிருக்கணும். குதிகால் மட்டும் தூக்கி, பெருவிரல் தரையில ஒட்டியிருந்தா போனஸ் கிடையாது. நடுக்கோட்டுல இருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர். கால் நீட்டுறப்போ உடம்பு பின்னால சாயும், பாரம் பின்னங்காலுக்கே போயிடும். பெரும்பாலும் தப்பு நடக்கறது அங்கதான். வீடியோவை நிறுத்தி அந்தப் பெருவிரலைப் பாருங்க.

மண்தரை: கால் எழும்பியிருந்தா அம்பயர் செஞ்சது தப்புதான், பிடிபட்டாலும் போனஸ் உண்டு. ஆனா கோட்டைத் தாண்டறதுக்கு முன்னாடியே யார் மேலயாவது கை பட்டிருந்தா போனஸ் போச்சு.

எனக்கு மனசு ஆறாதது வேற. ரெண்டாவது பாதியில எதிரணியில ஒரே ஒருத்தர் மிச்சம். அவரைத் தொட்டிருந்தா தொட்டதுக்கு ஒண்ணு, எதிரணி மொத்தமா அவுட் (ஆல் அவுட்) ஆனதுக்கு ரெண்டு, மொத்தம் மூணு புள்ளி. நம்மாளு தொடாமலே லாபியில, அதாவது களத்தோட பக்கவாட்டு ஓரப் பட்டையில, கால் வெச்சு அவுட் ஆனார்.

கோட்டோரம்: பார்த்தேன் அண்ணே. பெருவிரல் ஒட்டித்தான் இருக்கு.