தரம் 4 பிள்ளைக்குச் செய்நிரலாக்கம் எவ்வளவு விளங்கும்?

கொக்குவில் தாய்:
என் மகன் தரம் 4இல் படிக்கின்றான். திரையில் கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பூனை போன்ற உருவங்களை இயக்கும் ஸ்க்ராட்ச் என்ற செய்நிரல் மொழியின் வகுப்புக்கும் ஆறு மாதமாகப் போய்வருகின்றான். பூனை பந்தைத் துரத்தும் விளையாட்டொன்றைச் செய்து காட்டியபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால், பந்து சற்று மெதுவாக ஓடட்டும் என்று நான் கேட்டதும், எந்தக் கட்டளையில் கைவைப்பது என்று தெரியாமல் விழித்தான். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையும் இருக்கின்றது. இந்த வயதில் இது உண்மையில் விளங்குகின்றதா, அல்லது பார்த்துச் செய்கின்றார்களா?

சாவகச்சேரி கணித ஆசிரியர்:
வணக்கம் அம்மா. கட்டளைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நடக்கும் என்பதையும், ஒன்றைப் பலமுறை திரும்பச் செய்விக்கலாம் என்பதையும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கின்றார்கள். ஓர் எண்ணை மாற்றினால் திரையில் என்ன மாறும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கடினம். உங்கள் மகன் நின்ற இடமும் அதுவே.

என்னிடம் வரும் சிறுமி ஒருத்தி, சமபக்க முக்கோணியின் கோணம் 60 பாகை என்று அக்காவின் கொப்பியில் கண்டிருந்ததால், ஸ்க்ராட்சில் முக்கோணி கீறுவதற்குப் பூனையை ஒவ்வொரு மூலையிலும் 60 பாகை திரும்பச் செய்தாள். பூனை மூன்று கோடுகளைக் கீறிவிட்டு, மூடாத அரை அறுகோணியாக நின்றது. நான் திருத்தவில்லை. முற்றத்து மணலில் முக்கோணி கீறி அவளையே அதன்மேல் நடக்கவிட்டேன். மூன்று மூலையும் திரும்பி முடிய, புறப்பட்ட திசையையே மீண்டும் பார்த்தபடி நின்றவள், முழுச்சுற்று 360 என்றால் ஒரு மூலைக்கு 120 என்று தானே சொன்னாள்.

திருநெல்வேலி கணினிப் பட்டதாரி:
ஆசிரியர் ஐயா செய்தது, திரையில் ஓர் ஆமைக்குக் கட்டளையிட்டுப் பிள்ளைகள் படம் கீறும், 1967இல் உருவான லோகோ என்ற செய்நிரல் மொழியின் அடிப்படை எண்ணமே. அதை உருவாக்கியோரில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், பிள்ளை திரையிலுள்ள ஆமையின் இடத்தில் தன்னை வைத்து யோசிக்க வேண்டும் என்றார். ஆயினும், 1984இல் ரோய் பீயும் மிடியன் கேர்லண்டும் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகள் திட்டமிடும் திறனில் பயிலாதவர்களை விஞ்சவில்லை. ஆகவே, கோடிங் படித்தால் மற்றப் பாடங்களிலும் புள்ளி கூடும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள் அக்கா. அவனுக்கு விருப்பமிருந்தால் அதற்காகவே படிக்கட்டும். பரீட்சை ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் போதும்.

கொக்குவில் தாய்:
இருவருக்கும் நன்றி. நேற்று மாலை முற்றத்தில் அவனையும் நடக்கவிட்டேன். முக்கோணி முடிந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை; ஈர்க்கொன்றை எடுத்து, ஐங்கோணிக்கு 72 என்று மணலில் எழுதினான்.