பேத்தாலஜி (நோய்க்குறியியல்) எம்.டி. படித்தபோது மனசை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: செட்டிநாட்டுப் பக்கத்துக்காரர்கள் எழுதுங்கள்

கோட்டையூர்ப் பெண்:
எம்.டி. ரெண்டாம் வருஷம். மாவட்ட ரெசிடென்சிக்காக மூன்று மாதம் நம்ம பக்கத்து அரசு மருத்துவமனை லேபில் இருந்தேன். நடந்தது போன சித்திரையில், இன்னும் மனசு ஆறவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். கல்லல் பக்கத்து ஆள் ஒருவர், வயது அறுபது இருக்கும், மடியில் எவர்சில்வர் தூக்குவாளியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வார்டில் யாருக்கோ சோறு கொண்டுவந்திருக்கிறார் என்று எல்லோரும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே எழுந்து வந்து, "தாயி, இது வீட்டுக்காரிக்கு மார்ல எடுத்தது. டெஸ்டுக்குக் குடுக்கச் சொன்னாக" என்றார். முந்தின நாள் சாயங்காலம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். முழு மார்பகத்தையும் வெறும் சலைனில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். வெளி லேபில் கேட்ட காசு இல்லாமல் எங்களிடம் வந்திருக்கிறார்.

மூடியைத் திறந்தேன். திசு அழுகாமல் காக்கிற ஃபார்மலின் கண்ணை எரிக்கும், அது பழகிவிடும். இந்த வாடை வேறு. பத்து சதவீத ஃபார்மலின், திசுவைப் போலப் பத்து மடங்கு, வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என்று முதல் மாதமே நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. அது உள்ளே இறங்குவதே மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஃபார்மலின் உள்ளே போகட்டும் என்று அவசரமாக வில்லை வில்லையாகக் கத்தி போட்டேன். நடுவில் கட்டி கெட்டியாக நின்றது, சுற்றியிருந்ததெல்லாம் கொழகொழவென்று கத்தியோடு வந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "கெட்டுப்போச்சா தாயி? சூடு படாம ராத்திரி பூரா தண்ணித் தொட்டிக்குள்ளதானே வச்சிருந்தேன்."

புற்றுநோய் என்று சொல்ல முடிந்தது. கட்டி எந்த மருந்துக்குக் கேட்கும் என்று காட்டுகிற ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 முடிவுகளை நம்ப முடியாது என்றும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டியதாயிற்று. ஹார்மோன் மாத்திரை அந்த அம்மாவுக்கு வேலை செய்யுமா என்பதை ஈ.ஆர்., பி.ஆரை வைத்துத்தானே முடிவு செய்வார்கள்!

புதுவயல் ஹிஸ்டோ (திசுப் பரிசோதனை) டெக்னீசியன்:
தங்கச்சி, தூக்குவாளி, மருந்து பாட்டில், பாலித்தீன் பை எல்லாம் நானும் வாங்கியிருக்கிறேன். சிவகங்கையில் 2012-ல் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால் இங்கிருந்து நிறைய மதுரைக்குத்தான் பஸ் ஏறும். போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு பி.ஜி. (முதுகலை) பையன். வயிற்று எண்டோஸ்கோப்பி பயாப்சி, எள்ளளவு துண்டு. மெழுகில் பதித்த பிளாக்கை ஐஸில் வைத்து, சீவி வரும் மெழுகு ரிப்பன் காற்றில் பறக்கும் என்று ஃபேனை நிறுத்தி, மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியை நாலு மைக்ரானுக்கு வைத்திருந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, மெதுவா. நோயாளிக்கு ரத்த வாந்தி நிக்கல, இன்னொரு தடவை குழாய் விட முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான். அதுவரை எனக்கு அது ஒரு நம்பர். நம்பருக்குப் பின்னால் இருக்கிற ஆளை வந்து சொன்ன மாணவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். ட்ரிம் பண்ணும்போது கை கொஞ்சம் அழுத்தினாலும் துண்டு போய்விடும். முதல் ரிப்பன் வெந்நீரில் சுருக்கமில்லாமல் விரிந்த பிறகுதான் ரெண்டு பேரும் மூச்சு விட்டோம். எம்.டி. படிக்கிற பிள்ளைகள் வாரம் ஒரு நாளாவது மைக்ரோடோம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

தேவகோட்டை மீனா:
நான் படித்தது சிதம்பரத்தில். எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பது) போஸ்டிங்கில் ஒரு ஆச்சி வந்தார். மகன் வீட்டில் வந்து தங்கியிருப்பவர், கழுத்தில் தைராய்டு கட்டி. என் பேச்சைக் கேட்டதுமே "நீ நம்ம பக்கத்துப் புள்ளையா? எந்தக் கோயில்?" என்று ஆரம்பித்துவிட்டார். எங்கள் நகரத்தார் கோயில் இளையாற்றங்குடி என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. 1929-ல் கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் ஆரம்பித்த பல்கலைக்கழகத்தில் நம்ம வீட்டுப் பெண் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று மகனிடம் திரும்பித் திரும்பிச் சொன்னார். "ஊசி உள்ளே இருக்கும்போது பேசாதீங்க, எச்சில் விழுங்காதீங்க ஆச்சி" என்று கெஞ்சித்தான் எடுத்தேன்.

போதுமான செல் வந்திருக்கிறதா என்று பார்க்க டொலுடின் ப்ளூ என்கிற அவசரச் சாயம் போட்டுப் பார்த்தேன். உட்கருவில் அந்த நீளக் கோடுகள், சில செல்களில் உள்ளடக்கம். பாப்பில்லரி, தைராய்டுப் புற்றுநோயில் ஒரு வகை. திரும்பினால் ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நல்லதுதானே?" என்றார். ரிப்போர்ட் நாளைக்கு வரும், சர்ஜரி டாக்டர் சொல்வார் என்றேன். "சரி, உன்னைச் சொல்லவிட மாட்டாங்க போல. விடு ஆத்தா" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆறுதல் தேவைப்பட்டது அவருக்கு, கிடைத்தது எனக்கு. பெரும்பாலும் ஆபரேஷனில் நன்றாகவே குணமாகிற வகை அது. அந்த ஒரு வரியையாவது அங்கேயே சொல்லும் உரிமை எனக்கு இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சீனியர் ரெசிடென்ட், திருப்பத்தூர்:
மீனா சொல்வதை ஏற்க முடியவில்லை. அவசரச் சாயத்தில் பார்த்ததை வைத்து யாரும் நோயாளியிடம் வாய் திறக்கக் கூடாது. பாப், ஜீம்சா சாயம் போட்ட ஸ்லைடுகளைப் பார்த்து, ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது நோய். கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது நமக்கு அந்த நிமிஷம் தெரியாது, வயதானவர்களுக்கு அதே பாப்பில்லரி முரட்டுத்தனமாகவும் நடக்கும்.

கோட்டையூர்ப் பெண்ணுக்கும் ஒரு கேள்வி: ஆபரேஷனுக்கு முன்னால் ட்ரூகட் (தடித்த ஊசியில் திசுத் துண்டு) எடுத்திருப்பார்களே, ஈ.ஆர்., பி.ஆரை அந்த பிளாக்கில் பார்த்திருக்கலாமே?

என் அனுபவம் சின்னது. ஃப்ரோசன் செக்‌ஷன், அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்ப்பது; சினைப்பைக் கட்டி, நோயாளி இளம்பெண். உறையவைத்து வெட்டும் கிரையோஸ்டாட் மைனஸ் இருபதில், துண்டு வெட்டிச் சாயம் போட்டாயிற்று. தியேட்டரிலிருந்து போனில் சர்ஜன்: "புற்றுநோய் ஆமாவா, இல்லையா? கர்ப்பப்பையை எடுக்கணுமா, விடணுமா?" எங்கள் பேராசிரியர் மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, "டெஃபர்னு சொல்லு" என்றார். தெரியாது என்பதை அவ்வளவு உறுதியாக ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். கர்ப்பப்பையை விட்டுவிட்டார்கள். பிறகு மெழுகில் பதித்து வெட்டிய பாரஃபின் ஸ்லைடில் பார்டர்லைன் (சாதாரணக் கட்டிக்கும் புற்றுக்கும் நடுவில்) என்று வந்தது.

சேரப் போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முதுகலை நீட் கவுன்சலிங்கில் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பெரிய ஸ்பெசிமன் வருகிறது, ஐ.எச்.சி. (ஈ.ஆர்., பி.ஆர். மாதிரி புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) உள்ளேயே போடுகிறார்களா, கிரையோஸ்டாட் ஓடுகிறதா என்று அங்கே படிக்கும் பி.ஜி.யிடம் கேளுங்கள். ஹிஸ்டோவை மட்டும் பிடித்துக்கொண்டு ஹெமடாலஜியையும் (ரத்த நோயியல்) ரத்த வங்கியையும் விட்டுவிட்டால் பிராக்டிகலில் முழிக்க வேண்டியதுதான். தீசிஸ் தலைப்பை உங்கள் துறைக்கு நிஜமாகவே வருகிற கேஸ்களை வைத்து எடுங்கள். அபூர்வமான கட்டியை எடுத்துவிட்டு மூன்றாம் வருஷம் வரை கேஸுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்.டி.க்கு அப்புறம் ஆங்கோபேத்தாலஜி (புற்றுநோய்), ஹெமட்டோபேத்தாலஜி (ரத்தம்) என்று டி.எம். மேற்படிப்பு இருக்கிறது. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

கோட்டையூர்ப் பெண்:
ட்ரூகட் எடுக்கவே இல்லை சார். ஊசிப் பரிசோதனை மட்டும் செய்து நேராக ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார்கள். இருந்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன். "பார்த்திருக்கலாமே" என்பது பெரிய ஊர் பேச்சு. ஒரு டப்பா ஃபார்மலின் கொடுத்துவிட்டிருந்தால்கூடப் போதும்.

காரைக்குடி மகன்:
நான் டாக்டர் இல்லை, நோயாளியின் மகன். அம்மாவுக்கு அக்குளில் நெறிகட்டி, இங்கே லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்றார்கள். எந்த வகை என்பதற்கு ஐ.எச்.சி. வேண்டும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய மருத்துவமனை என்று அம்மாவுக்கு அதன்மேல் தனி நம்பிக்கை.

ஸ்லைடு கேட்டுப் போன இடத்தில் ஒரு பி.ஜி. மாணவி, "ஸ்லைடு மட்டும் பத்தாது அண்ணே, பிளாக்கும் வேணும்" என்று தானே உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். பென்சிலில் எழுதியிருந்த நம்பரை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். பேனா மை கெமிக்கலில் அழிந்துவிடுமாம், அதனால் பென்சில். பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்து, "வெயில் படுற ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, மெழுகு இளகிரும்" என்றார். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும் வரை பை என் மடியில்தான் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். இதைப் படித்தால் அவருக்குத் தெரியட்டும்: அந்த பிளாக்கிலிருந்துதான் வெட்டிப் பார்த்து வகையைச் சொன்னார்கள், மறுபடி கத்தி வைக்கவில்லை. கீமோ முடிந்துவிட்டது. அம்மா இப்போது கொப்புடையம்மன் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.