சின்ன ஸ்ரூடியோ, வாற வருசத்துக்கு என்ன இலக்கு வைக்கலாம்?

கொக்குவில்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில, கொக்குவில்ல சின்னனா ஒரு ஸ்ரூடியோ வச்சிருக்கிறன், நான் போட்டோ, மச்சான் வீடியோ. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எண்டு ஓடர் வருது, இல்லையெண்டு சொல்லேலாது, ஆனா வருசக்கடைசியில பாத்தா கையில ஒண்டும் மிஞ்சிறேல்ல. வாற வருசத்துக்கு கொப்பியில நாலு விசயம் எழுதி வச்சிருக்கிறன்: பேஸ்புக் பேஜ்ஜுக்கு பத்தாயிரம் லைக், புது மிரர்லெஸ் கமெரா, ட்ரோன், மாசம் எட்டு ஓடர். சரியோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சுன்னாகத்தான்:
தம்பி, உதில ரெண்டு காசு போற வழி, லைக் உங்கட கையிலயே இல்ல. முதல்ல ஒரு கலியாணத்துக்கு உண்மையா என்ன முடியுது எண்டு எழுதிப் பாருங்கோ. அல்பம், பெற்றோல், கூட வாற பெடியளுக்குக் குடுக்கிறது எல்லாரும் போடுவினம், இரவிரவா எடிட் பண்றதையும் கமெரா தேயுறதையும் ஆரும் போடுறேல்ல. நிக்கோன் டி750 கமெரா எண்டா ஷட்டர், அதான் ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுற பகுதி, 150,000 தரத்துக்கு சோதிச்சது எண்டு கொம்பனி சொல்லுது, ஒரு கலியாணத்துக்கு 3,000 தட்டினா 50 கலியாணத்தோட அந்தக் கணக்கு முடிஞ்சுது, பேந்தும் ஓடலாம், தாலி கட்டேக்க நிண்டும் போகலாம். ஒவ்வொரு பில்லிலயும் அதுக்கு ஒரு பங்கு எடுத்து வேற எக்கவுண்டில போடுங்கோ, லீசிங் பக்கம் போகத் தேவை வராது. 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360க்கு ஏறினதை மறந்திடாதேங்கோ, லென்ஸ் எல்லாம் வெளியில இருந்து வாற சாமான், உங்கட றேட் எந்த வருசத்து றேட் எண்டு ஒருக்கா பாருங்கோ.

பாசையூர்லென்ஸ்:
சுன்னாகத்து அண்ணை சொன்னது சரி, நான் மற்றதைச் சொல்றன். மாசம் எட்டு எண்டு பன்ரெண்டு மாசத்துக்கும் ஒரே கணக்கு வராது, ஆடியிலயும் மார்கழியிலயும் ஆர் தாலி கட்டினம்? ஆனா ஆடி ஆவணியில வெளிநாட்டுக்காரர் நிறைய நிப்பினம், நல்லூர்த் திருவிழாவும் 25 நாள், அவைக்கு வேண்டியது குடும்பப் படம், அம்மம்மாவை கதிரையில இருத்தி பேரப்பிள்ளையள் சுத்தி நிண்டு பழைய வீட்டு முத்தத்தில. ஒரு மணித்தியால வேலை, அல்பம் இல்ல, பிளேன் ஏற முதல் படத்தைக் குடுத்தாச் சரி. மார்கழியிலயும் நத்தார் முடிய எங்கட வேதக்காரற்ற கலியாணங்கள் இருக்கு, இந்தப் பக்கம் உங்களை ஒருத்தருக்கும் தெரியாது. இலக்கு எண்டா அந்த ரெண்டு மாசத்தையும் நிரப்பிறது.

மணல்காடன்:
ட்ரோன் வேண்டாம் எண்டா நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எங்கட மணல்காட்டு மணல்மேட்டில மேலால எடுத்த ஒரு சொட் இல்லாட்டி இப்ப பொம்பிளை மாப்பிளை ரெண்டும் முகத்தைத் தூக்கினம். ஆனா வாங்காம ட்ரோன் வச்சிருக்கிற ஆளை நாளுக்குக் கூப்பிடுங்கோ, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதிவு, அனுமதி, அதோட பலாலி எயார்போர்ட் வேற கிட்ட, உந்தத் தலையிடியெல்லாம் அவரோட.

இணுவில்_அக்கா:
நான் படம் எடுக்கிற ஆள் இல்ல, எடுக்கக் குடுத்த ஆள். என்ர தங்கச்சின்ர கலியாண அல்பம் அவளுக்குப் பிள்ளை பிறந்து 31ம் நாள் துடக்கு கழிஞ்சாப் பிறகு தான் வந்தது, ஆர் எண்டு சொல்லேல்ல. இவ்வளவு நாளையில அல்பம் தருவன் எண்டு திகதி சொல்லி அந்தத் திகதிக்கு தாற ஒருத்தன் இருந்தா நாங்களே பத்துப் பேருக்கு சொல்லுவம், லைக் எல்லாம் தேவையில்ல.

கொக்குவில்பெடியன்:
அக்கா, பிந்திறதுக்குப் பாதி காரணம் கலியாண வீட்டுக்காரர் அல்பத்துக்குப் படம் தெரிஞ்சு தராதது, மூவாயிரத்தில நூறு தெரியச் சொன்னா மாசக்கணக்கா பதில் இல்ல. அல்பம் குடுத்தாத் தான் மிச்சக்காசும் வரும், இப்பவும் கன பேரின்ர காசு அப்பிடித்தான் நிக்குது.

சுன்னாகத்தான்:
அப்ப உங்கட காசு அங்க தான் கிடக்கு தம்பி! பில்லிலயே எழுதுங்கோ, ரெண்டு கிழமைக்குள்ள படம் தெரிஞ்சு தராட்டி நாங்களே தெரிவம் எண்டு. மிச்சத்தில பாதியை படமெல்லாம் பென்ட்ரைவில குடுக்கேக்க வாங்குங்கோ, அல்பத்துக்கு மற்றப் பாதி. முதல்ல நிக்கிறதுகளை முடிச்சுக் குடுத்திட்டு கமெராவைப் பற்றிக் கதைப்பம்.