செங்காந்தள் கிழங்கு அழுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ரங்கூன் தாமுவேயில் இருக்கிறோம். மொட்டைமாடித் தொட்டியில் வைத்த செங்காந்தள் போன வருஷம் இலை நுனியாலேயே கம்பியைச் சுற்றிப் பிடித்து ஏறியது. பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் தீயாய்ச் சிவந்ததைப் பார்க்க அம்மா தினமும் மாடி ஏறி வருவார்.

இந்த வருஷம் மே மாத மழை பிடித்ததும் தண்டு மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. தோண்டினால், கலப்பை போலக் கவைத்த கிழங்கில் ஒரு முனை கொழகொழவென்று இருக்கிறது. மறுமுனை கெட்டி, நுனியில் வெள்ளையாக ஒரு முளையும் தெரிகிறது. அழுகியதை வெட்டிச் சாம்பல் தடவி வைத்திருக்கிறேன். இப்போதே மணல் கூட்டி நடலாமா, அடுத்த கோடை வரை உலர்த்தி வைக்கலாமா?

அப்புறம், கிழங்கை மருந்தாக்கும் முறை எதுவும் வேண்டாம். கொல்கிசின் நஞ்சு உள்ள கிழங்கு, வீட்டில் சின்னப் பேத்தி இருக்கிறாள். செடி பிழைத்தால் போதும்.