பின் நம்பர் வந்த பிறகும் ஏன் மதிப்பிடுகிறார்கள்? சேலத்திலிருந்து இங்கிலாந்து சென்றிருக்கும் செவிலியர்களுக்கு

சேலம், ஆத்தூர், ஏற்காடு பகுதிகளிலிருந்து அண்மையில் இங்கிலாந்துக்குச் சென்றிருக்கும் தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் கேட்பவற்றுள் பெரும்பாலானவை ஒரே மனக்குறையின் வெவ்வேறு வடிவங்களாகவே இருக்கின்றன. "அக்கா, ஆஸ்கியில் தேறிவிட்டேன், பின் நம்பரும் வந்துவிட்டது, ஊரில் ஐசியூவில் வேலை பார்த்த என்னை இங்கே ஒரு கேனுலா போடக்கூட விடமாட்டேன் என்கிறார்கள், இது என்ன நியாயம்?" என்பதே அந்தக் குறை. (ஆஸ்கி என்பது செய்முறைத் தேர்வு; பின் நம்பர் என்பது அங்கே செவிலியராகப் பணிபுரிய, செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பான என்எம்சி தரும் பதிவு எண்; கேனுலா என்பது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்.) சேலத்தில் படித்து, இங்கிலாந்தில் வார்டுப் பணியோடு புதியவர்களை மதிப்பிடும் பொறுப்பையும் பார்த்துவிட்டு, இப்போது அஸ்தம்பட்டியில் வசிப்பவள் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அங்கே தேர்வில் தேறுவது ஒன்று, வார்டில் ஒரு வேலையைத் தனியாகச் செய்யத் தகுந்தவர் என்று கையெழுத்துப் பெறுவது வேறொன்று. ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990இல் தொழில்திறனை நான்கு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்: அறிந்திருத்தல், எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் உண்மையிலேயே செய்தல். இந்தியாவில் இருந்தபடியே நீங்கள் எழுதிய சிபிடி என்ற கணினிவழித் தேர்வு முதல் இரண்டு அடுக்குகளைத் தொடுகிறது; ஆஸ்கி மூன்றாவதைத் தொடுகிறது; நான்காவதை எந்தத் தேர்வு மையமும் அளக்க முடியாது என்பதால் அதை வார்டே அளக்கிறது. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரிடம் முதல் நாளே பயணிகள் நிறைந்த பேருந்தைக் கொடுத்து, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றிவிட்டு வா என்று யாரும் அனுப்புவதில்லை அல்லவா?

ஆஸ்கியை இன்னும் எழுதாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக வடிவமைத்த இந்த முறையின் நோக்கமே, தேர்வாளரின் மனநிலையும் நோயாளியின் அதிர்ஷ்டமும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்காமல், எல்லோரும் ஒரே பணியை ஒரே அளவுகோலின்படி செய்துகாட்ட வேண்டும் என்பதுதான். என்எம்சி நடத்தும் தேர்வில் 2021 முதல் பத்து நிலையங்கள், அதாவது தனித்தனித் தேர்வுப் பகுதிகள், உள்ளன: நோயாளியை மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், விளைவை ஆராய்தல் ஆகிய நான்கும், செய்முறைத் திறன்களுக்கான நான்கும், எழுத்தில் மட்டுமே விடையளிக்கும் இரண்டும் சேர்ந்தவை அவை. அங்கே தேர்வாளரிடம் இருப்பது ஒரு பட்டியல். நீங்கள் கண்ணால் பார்த்து மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டது எதுவும் அந்தப் பட்டியலில் ஏறாது. மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். மருந்து அட்டையில் அந்த வேளை மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்போது, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். நம்மூரில் நெரிசலான வார்டில் பேசாமல் விரைவாக வேலையை முடிப்பவரைத்தான் நல்ல ஸ்டாஃப் என்பார்கள்; அந்தப் பழக்கத்தை அப்படியே ஆஸ்கிக்குக் கொண்டுபோனால் கை சரியாகச் செய்தும் மதிப்பெண் விழாது.

நோயாளியின் சம்மதம் கேட்பதிலும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். "கையை நீட்டுங்க" என்று சொல்லி ஊசி போட்டுப் பழகிய நமக்கு, இன்னார் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, உங்களை எப்படி அழைக்கலாம் என்று கேட்டு, செய்யப்போவதை விளக்கி, அனுமதி பெற்ற பிறகே தொட வேண்டும் என்பது நாடகம்போலத் தோன்றும். ஆனால் சமுதாய நலப் போஸ்டிங்கின்போது கிராம சுகாதார செவிலியருடன் சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குச் சென்றவர்களுக்கு இது புதிதன்று. அங்கே வாசலில் நின்று குரல் கொடுத்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, வீட்டுப் பெரியவர் உள்ளே வரச் சொன்ன பிறகுதானே இரத்த அழுத்தக் கருவியை வெளியே எடுத்தோம்? வார்டில் கற்றதைவிட மலையில் கற்றதுதான் இந்த இடத்தில் உதவும் என்பது என் கருத்து.

இனி, ஐசியூ அனுபவம் இருந்தும் அனுமதிக்காதது பற்றி. அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் பட்ரீசியா பென்னர் 1984இல் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாக விவரித்தபோது, தொடக்கநிலையாளர் என்பவர் மாணவர் மட்டுமல்லர் என்பதையும் கூறினார். பழகாத வகை நோயாளிகளுள்ள இடத்துக்கு மாறும் எந்தச் செவிலியரும், முந்தைய இடத்தில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்திருந்தாலும், தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும் என்பது அவர் கணிப்பு. சேலத்தில் விபத்துப் பிரிவில் ஓடியாடி வேலை செய்த ஒருவர், இங்கிலாந்தில் மறதி நோயுள்ள எண்பது வயது முதியவர்கள் நிறைந்த வார்டில், கீழே விழாமல் தடுக்கும் திட்டத்தை எழுதத் தெரியாமல் விழிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கைத்திறன் எங்கும் போய்விடவில்லை. அந்த நிறுவனத்தின் கருவிகளோடும், பதிவு முறையோடும், தொற்றுத் தடுப்பு விதிகளோடும் அந்தத் திறன் பொருந்துகிறது என்பதற்கான சான்றுதான் இன்னும் உருவாகவில்லை.

அதனால்தான் கேனுலா, இரத்தம் எடுத்தல், நரம்புவழி (ஐவி) மருந்து போன்ற ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலான மருத்துவமனைகளில் தனித்தனிப் பயிற்சியும், மேற்பார்வையில் செய்துகாட்டலும், கையெழுத்தும் கேட்கிறார்கள். கையெழுத்து வருவதற்கு முன், டாக்டரோ மூத்தவரோ அவசரத்தில் "நீதான் ஊரில் செய்திருக்கிறாயே, போட்டுவிடு" என்றாலும் செய்யாதீர்கள். என்எம்சி நடத்தை விதிகளின் 13ஆம் பிரிவு, தன் திறனின் எல்லையை உணர்ந்து அதற்குள் பணிபுரிய வேண்டும் என்று சொல்கிறது. "இதற்கு எனக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை, உடனிருந்து பாருங்கள், செய்கிறேன்" என்று பணிவாகச் சொல்பவரை அங்கே யாரும் வேலைக்கு அஞ்சுபவர் என்று நினைப்பதில்லை. மதிப்பிடுபவள் என்ற முறையில் நான் முதலில் கவனித்ததே அதைச் சொல்லும் துணிவு இருக்கிறதா என்பதைத்தான்.

அதே துணிவு இன்னொரு இடத்திலும் வேண்டும். மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, உணர்வு நிலை, வெப்பநிலை ஆகிய ஆறையும் நாம் பிழையின்றிக் குறிப்போம். குறித்த பிறகு என்ன செய்தோம் என்பதைத்தான், இந்த ஆறுக்கும் புள்ளியிட்டு நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்2 அட்டை கேட்கிறது. மொத்தம் 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அது நெருக்கடி நிலை. நம் ஊரில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, அவர் டியூட்டி டாக்டரிடம் சொல்லும்வரை காத்திருப்பதே ஒழுங்கு. அங்கே நீங்கள் புதியவரானாலும் நேரே அழைக்க வேண்டும். இதயத் துடிப்பு நின்றவரைக் காக்கும் அவசரக் குழுவை அழைக்கும் 2222 என்ற எண்ணைச் சுழற்ற யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அழைத்த நேரத்தையும், யாரிடம் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். எழுதப்படாதது செய்யப்படாததாகவே கருதப்படும்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். உங்கள் வார்டில் மதிப்பிடுபவர் தமிழராகவோ கேரளத்தவராகவோ இருந்து, "நம்ம ஊர்ப் பொண்ணு, பாவம்" என்று நீங்கள் செய்துகாட்டாத திறனுக்கும் கையெழுத்திட முன்வந்தால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஐயம் இருந்தும் மாணவர்களைத் தேர்ச்சி பெறச் செய்யும் வழக்கத்தைப் பற்றி ஸ்காட்லாந்தில் கேத்லீன் டஃபி நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, மதிப்பிடுபவர்கள் குறைகளைத் தாமதமாகச் சொல்வதையும், சந்தேகத்தின் பலனை மாணவருக்கே தந்துவிடுவதையும் வெளிக்கொணர்ந்தது. இரக்கத்தால் வந்த கையெழுத்து, இரவுப் பணியில் நீங்கள் தனியாக நிற்கும்போது துணைக்கு வராது. தவறு நேர்ந்தால் கையெழுத்திட்ட அந்த அக்காவும் விளக்கம் தர வேண்டியிருக்கும். மாறாக, கடுமையானவர் என்று பெயரெடுத்த ஒருவர் உங்களை மூன்று முறை செய்யவைத்து, ஏன் இந்த மருந்து, ஏன் இந்த வேகம் என்று குடைந்தால், அவரையே தேடிப்போங்கள்.

மருந்துக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. நம் பி.எஸ்சி. நர்சிங்கில் 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அங்கே செவிலியர் மாணவர்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் 100க்கு 100 பெற்றாக வேண்டும் என்று என்எம்சியின் 2018ஆம் ஆண்டுக் கல்வித் தரவிதி சொல்கிறது. பணியில் சேர்ந்த பிறகும் பல இடங்களில் இதே எதிர்பார்ப்பு உண்டு என்பதால், மில்லிகிராமை மைக்ரோகிராமாக்குவதையும் மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பதையும் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.

காலக்கெடுக்களைப் பொறுத்தவரை, மருத்துவமனையின் விசா ஆதரவில் சென்றவர்கள் பணி தொடங்கிய 12 வாரங்களுக்குள் முதல் ஆஸ்கியை எழுத வேண்டும், 8 மாதங்களுக்குள் பதிவு முடிய வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்புகள். அவை தீர்ந்தால் ஆறு மாதம் காத்திருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவான பிறகு உங்களுக்கென ஒரு பிரிசெப்டர் (புதியவருக்கு வழிகாட்டும் அனுபவமுள்ள செவிலியர்) நியமிக்கப்படுகிறாரா, அவருடன் முதல் சந்திப்பு எந்தத் தேதியில், எத்தனை வாரங்களுக்கு உங்களை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்காமல் வைத்திருப்பார்கள் என்ற மூன்றையும் முதல் வாரத்திலேயே வார்டு மேலாளரிடம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டாலும், அன்று மாலையே அவர் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறை வரும் வாரத்தில் முதலில் மறக்கப்படுவது அந்த மூன்றும்தான்.